அயர்லாந்து கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு?

"எங்கள் பகுதி கட்டும் வரி அதிகம், திரும்பக் கிடைப்பது குறைவு." உலகத்தில் எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் இந்தக் குரலைக் கேட்கலாம். கேட்பதற்குச் சாதாரணக் கூட்டல் கழித்தல் போலத்தான் இருக்கும். அது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு அயர்லாந்தின் கதை நல்ல உதாரணம்.

1801-ல் அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டது. பொதுச் செலவில் அயர்லாந்தின் பங்கு 17-ல் 2 என்று இணைப்புச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இரு நாடுகளின் வர்த்தகத்தையும், வரி விதிக்கப்படும் பொருட்களின் நுகர்வையும் ஒப்பிட்டுப் போட்ட கணக்கு அது. ஆனால் நெப்போலியனுடன் நடந்த போரால் செலவு எகிறியது. பங்கைக் கட்ட முடியாமல் அயர்லாந்து கடன் வாங்கியது. பதினாறே ஆண்டுகளில் அதன் கடன் சுமார் நான்கு மடங்கானது. 1817-ல் இரண்டு கஜானாக்களும் ஒன்றாக்கப்பட்டன. 1853-ல் கிளாட்ஸ்டன் வருமான வரியை அயர்லாந்துக்கும் நீட்டித்தார். அடுத்த சில ஆண்டுகளில் சாராய வரியும் இங்கிலாந்தின் அளவுக்கு உயர்ந்தது. இத்தனையும் பெரும்பஞ்சம் முடிந்த கையோடு! 1841-ல் 81 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1891-ல் 47 லட்சமாகச் சுருங்கிவிட்டது.

இந்த மனக்குறையை விசாரிக்க 1894-ல் சில்டர்ஸ் தலைமையில் ஒரு ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. அதன் முன் இருந்த கேள்விகள் மூன்று.

1) வரியைக் கட்டியது யார்? லண்டன் துறைமுகத்தில் தேயிலைக்கு வரி கட்டப்படுகிறது, ஆனால் அதைக் குடிப்பவர் டப்ளினில் இருக்கிறார். டப்ளினில் பீருக்கும் விஸ்கிக்கும் வரி கட்டப்படுகிறது, குடிப்பவரோ இங்கிலாந்தில். வசூலான இடத்தைப் பார்ப்பதா, சுமந்தவரைப் பார்ப்பதா? சுமந்தவர் கணக்கில் வைத்து 'உண்மை வருவாய்' என்று தனியாகக் கணக்கிட்டார்கள். 1893-94-ல் அது சுமார் 75 லட்சம் பவுண்ட்.

2) செலவு யாருக்காக? கடற்படை, ராணுவம், கடன் வட்டி ஆகியவை பேரரசின் பொதுச் செலவு. பள்ளி, நீதிமன்றம், போலீஸ் ஆகியவை அயர்லாந்தின் சொந்தச் செலவு. இந்தக் கணக்குப்படி சொந்தச் செலவு போக சுமார் 20 லட்சம் பவுண்ட் பேரரசுக்குப் போனது. ஆனால் அங்கிருந்த ஆயுதப் போலீஸ் யாருக்காக? அயர்லாந்தை அடக்கி வைக்க லண்டன் வைத்திருக்கும் படைக்கு நாங்கள் ஏன் செலவு செய்யவேண்டும் என்று கேட்டார்கள் ஐரிஷ்காரர்கள்.

3) எவ்வளவு கட்ட முடியும்? 1896 அறிக்கையின் உயிர் இங்கேதான் இருந்தது. அயர்லாந்து கட்டிய வரி பிரிட்டன் கட்டியதில் ஏறக்குறைய 11-ல் ஒரு பங்கு. அதன் சக்தியோ 20-ல் ஒரு பங்கைத் தாண்டாது. வரி விகிதம் ஒன்றாக இருந்தால் சுமையும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்றது கமிஷன். ஆண்டுக்கு சுமார் 27.5 லட்சம் பவுண்ட் அதிகப்படி வரி என்பது பெரும்பான்மை உறுப்பினர்களின் முடிவு.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. "வரி கட்டுவது மனிதன், நாடு அல்ல. இங்கிலாந்தின் ஏழை விவசாயக் கூலியும் அதே புகையிலைக்கு அதே வரிதானே கட்டுகிறான்?" என்று கேட்டார்கள். இதுவும் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை.

இதில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தக் கமிஷனில் உறுப்பினராக இருந்த வெல்பி பிரபுவின் தலைமையில்தான், பிரிட்டனும் இந்தியாவும் செலவைப் பங்கிடுவது பற்றி ஆராயும் கமிஷன் 1895-ல் அமைந்தது. தாதாபாய் நௌரோஜி அதில் ஓர் உறுப்பினர்.

பிறகுதான் திருப்பம். 1908-ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. 70 வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. இளைஞர்கள் கப்பலேறிப் போய்விட்ட அயர்லாந்தில் முதியவர்கள் ஏராளம். பிறப்புப் பதிவு அங்கே 1864-ல்தான் தொடங்கியது என்பதால் வயதுக்குச் சான்றும் இல்லை. 1839-ன் பெரும்புயல் நினைவிருக்கிறது என்று சொல்லியே பலர் வயதை நிரூபித்தார்கள்! பென்ஷன் வாங்கியவர்கள் சுமார் 2 லட்சம் பேர். விளைவு, 1912 சுயாட்சி மசோதா வந்தபோது அயர்லாந்தின் கணக்கில் ஆண்டுக்கு சுமார் 15 லட்சம் பவுண்ட் பற்றாக்குறை.

1896-ல் "எங்களைச் சுரண்டுகிறீர்கள்" என்பதற்கு ஆதாரமாக இருந்த கணக்கு, 1912-ல் "எங்களை நம்பித்தான் பிழைக்கிறீர்கள்" என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. ஒரே பேரேடு, எதிரெதிர் முடிவு!

கடைசிக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். 1921 உடன்படிக்கையின் 5-வது பிரிவு, பிரிட்டனின் பொதுக் கடனில் அயர்லாந்து நியாயமான பங்கை ஏற்கவேண்டும், அயர்லாந்தின் எதிர்க் கோரிக்கைகளையும் கழித்துக்கொள்ளலாம் என்றது. அந்த நியாயமான பங்கு எவ்வளவு என்பது முடிவாகவே இல்லை. 1925 டிசம்பரில் எல்லைப் பிரச்சினையோடு சேர்த்துப் பேசி, அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டார்கள்.

ஒரு பகுதி எவ்வளவு கொடுக்கிறது, எவ்வளவு வாங்குகிறது என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் மூன்று கேள்விகள் கேட்கலாம். வரி எங்கே வசூலானது, யார் சுமந்தது? எந்தச் செலவு யார் பெயரில் எழுதப்பட்டது? எந்த ஆண்டின் கணக்கு? இவற்றுக்குப் பதில் இல்லாத எண், வெறும் கோஷம்தான்.