பிளினி கண்ட இலங்கையும் பெயரற்ற மாலுமியும்

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாகப் பலாங்கொடைக்குப் போகும் வீதியில், மேலே தேயிலைச் சரிவும் லயன்களும், கீழே வயல்வெளியில் கூரை போட்ட மாணிக்கக் குழிகளும் தென்படும். குழியில் அள்ளிய சரளை மண்ணைக் கூடையிலிட்டு நீரில் சுழற்றி அலசுவார்கள். கூடையில் எஞ்சுவது பெரும்பாலும் வெறுங்கல். எப்போதாவது ஒரு நீலக்கல்.

இத்தீவின் கற்களை உரோமப் பேரரசு அறிந்திருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி, 'தப்ரபேன்' என்று இலங்கையைக் குறித்து, அதன் விளைபொருள்களுள் மணிக்கற்களையும் சேர்த்தார். உரோமரின் மோதிரங்களில் பதிக்கப்பட்ட நீலக்கற்கள் இங்கிருந்தே சென்றிருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வைரத்துக்கு அடுத்த கடினமுடையது நீலக்கல். அதில் உருவம் செதுக்குவிப்பது பெருஞ்செல்வருக்கே இயன்ற காரியம்.

கல்லைவிடச் சுவையானது அவர்கள் எழுதிய கதை. மூத்த பிளினி கி.பி. 77இல் தீத்தசுக்குக் காணிக்கையாக்கிய 'இயற்கை வரலாறு' 37 பாகங்களைக் கொண்டது. அதன் ஆறாம் பாகத்தில் இலங்கை வருகிறது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியசு புளோக்கமசு என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன், அரபுக் கரையோரம் காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இத்தீவில் ஒதுங்கினான். ஆறு மாதத்தில் மொழி கற்றான். அவனிடமிருந்த தெனாரியக் காசுகளில் வெவ்வேறு முகங்கள் இருந்தும் எடை ஒன்றாயிருந்ததைக் கண்டு மன்னன் வியந்து, இராக்கியா தலைமையில் நால்வரைக் கிளாடியசு பேரரசரிடம் தூதனுப்பினானாம்.

பிளினி தரும் வருணனையைப் பாருங்கள்: அங்கே எவருக்கும் அடிமை இல்லை, தானிய விலை ஏறுவதில்லை, வழக்குமன்றம் இல்லை, மக்கள் தேர்ந்தெடுப்பவரே மன்னர், அவருக்குப் பிள்ளைகள் இருக்கக்கூடாது.

இதனைத் தூதர்கள் அப்படியே சொல்லியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. இலங்கையில் அடிமைகள் இருந்தமைக்கு மகாவம்சமே சான்று. பிளினியின் இலங்கை, உரோமைத் தலைகீழாகக் காட்டும் கண்ணாடி. அடிமை உழைப்பில் நின்ற நகரம் அது. கி.பி. 51இல் தானியத் தட்டுப்பாட்டின்போது பசித்த மக்கள் கிளாடியசின் மீதே ரொட்டித் துண்டுகளை எறிந்தார்கள். அரியணைக்காக அரச குடும்பத்துக்குள்ளேயே கொலைகள் நடந்தன. இருந்தும் பிளினி நேர்மையாளர்: அத்தீவிலும் பொன்னுக்கும் வெள்ளிக்கும் மதிப்புண்டு, நம் குற்றங்கள் அங்கும் உண்டு என்று முன்னதாகவே எழுதிவிடுகிறார்.

(நம் தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத் துரைமார் எழுதிய நினைவுநூல்களைப் படித்தவர்களுக்கு இந்த மணம் புதிதன்று. மலையும் பனியும் வேட்டையும் பக்கம் பக்கமாக வரும். கொழுந்து பறித்தவர் 'கூலி' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுவார்.)

இத்தனை செய்தியும் உரோமுக்குக் கிடைக்க வழிதிறந்த அந்த விடுதலை பெற்ற அடிமையின் பெயரைப் பிளினி எழுதவில்லை. எசமானர் பெயர் இருக்கிறது, தூதுத் தலைவர் பெயர் இருக்கிறது. ஆனால் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், செங்கடல் துறையிலிருந்து நைல் நதிக்குச் செல்லும் பழைய பாதையோரப் பாறையொன்றில், புளோக்கமசு என்பவரின் அடிமையான இலைசாசு தான் அங்கு வந்ததாக இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறித்திருக்கிறான். ஆண்டு கி.பி. 6, சூலை மாதம். இலங்கைக்கு வந்தவன் இவனே என்று சொல்வதற்கில்லை. கிளாடியசு பதவியேற்றது அதற்கு 35 ஆண்டுகள் பிந்தி, கி.பி. 41இல்.