வெற்றெழுத்தும் குறியீடும்

எழுத்து ஒலியின் வடிவம் என்பர். ஆயினும் ஒலியின் முழுமையும் எழுத்தில் அடங்குவதில்லை. நிறுத்தமும் அழுத்தமும் ஏற்ற இறக்கமும் எழுத்துக்குப் புறத்தே நிற்பன. அவற்றையும் எழுத்தோடு சேர்த்துக் காட்டுதற்கு மாந்தர் செய்த முயற்சியைத் தமிழளவில் நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பனையோலை ஏடு வெற்றெழுத்துகளின் வரிசை. சொற்களுக்கிடையே வெளியில்லை, வாக்கியத்துக்கு முற்றுக்குறியில்லை. ஓலை கிழியுமென்றஞ்சிப் பெரும்பாலும் புள்ளியையும் இடாது விட்டனர். எகர ஏகாரங்கள் ஒரே வடிவில் எழுதப்பட்டமையால் 'எரி' என்னும் நெருப்பும் 'ஏரி' என்னும் நீர்நிலையும் ஏட்டில் வேறுபடா. இலக்கண உரைகாரர் காட்டும் 'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடரைச் 'செம்பொன் பதின் தொடி' எனப் பிரித்தாற் பத்துத் தொடி பொன்னாம். 'செம்பு ஒன்பதின் தொடி' எனப் பிரித்தால் ஒன்பது தொடி செம்பாம். இவ்வேறுபாட்டை இசையால் உணர்க என்றனர் அவர்.

அவ்விசையைத் தந்தவர் ஆசிரியர். கரவெட்டி முதலிய வடமராட்சி ஊர்களின் திண்ணைப் பள்ளிகளிலும் ஏடு தனித்து நிற்கவில்லை. ஆசிரியர் வாய்மொழியே அதற்குக் குறியீடாயிற்று.

அச்சு இந்நிலையை மாற்றிற்று. கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சேறியது. எகர ஏகார, ஒகர ஓகார வடிவங்களை வேறுபடுத்தியவராக வீரமாமுனிவர் (1680–1747) போற்றப்படுகின்றார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் 1841இல் 'உதயதாரகை' இதழைத் தொடங்கினர். நல்லூர் ஆறுமுக நாவலர் 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். நிறுத்தக் குறிகளைத் தமிழ் உரைநடையிற் பரவச் செய்தோருள் நாவலர் முன்னிற்பவர். அச்சு நூல் ஆசிரியரில்லாத வீட்டினுள்ளும் புகும். ஆங்கு வாய்மொழியின் வேலையைக் குறியீடே செய்தல் வேண்டும். மேலைநாட்டிலும் இஃதே நிகழ்ந்தது. இலத்தீனைத் தாய்மொழியாகக் கொள்ளாத அயர்லாந்துத் துறவிகளே ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் அம்மொழியைச் சொற்பிரித்து எழுதும் வழக்கத்தை வளர்த்தனர்.

எனினும், குறியிடுதல் வெறும் அலங்காரமன்று, பொருள் கோடலேயாம். 'செம்பொன்' என்பதை அடுத்து வெளிவிடும் பதிப்பாசிரியர் செம்பை மறைத்துவிடுகின்றார். மர்ரே எஸ். ராஜம் 1950களிற் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளை வெளியிட்டபோது பயின்றோர் பலராயினர். ஆயின், பிரித்ததையே மூலமென மயங்கும் இடரும் உடன் வந்தது. வாசகர் பெருகுதலும் ஐயத்துக்கு இடங்குறைதலும் ஒருங்கே நிகழ்ந்தன என்க.

கணினிக் காலத்தில் இவ்வினா மீண்டும் எழுந்தது. தொடக்கத்தில் மின்னஞ்சல் வெற்றெழுத்தையே சுமந்தது. அழுத்தம் வேண்டினோர் சொல்லின் இருமருங்கும் விண்மீன் குறி இட்டனர். 1992இல் வெளியான 'மைம்' என்னும் விதி எழுத்தின் தடிப்பு, சாய்வு முதலியவற்றையும் உடனனுப்ப வழி வகுத்தது. எனினும், யூனிகோடு முறை தமிழெழுத்தை மட்டுமே எண்ணாற் குறிக்கும்; தடிப்பும் அளவும் அதற்குப் புறம்பானவை. இப்பிரிவினை நன்று. மூலம் மூலமாகவே நிற்க, குறியீடு அதன்மேல் வேறாக நிற்றல் வேண்டும்.

ஆகவே, பழைய நூலைக் கணினியில் ஏற்றும் மாணவர் இரு வடிவங்களைப் பேணுவாராக: ஏட்டிலுள்ளவாறு ஒன்று, பிரித்துக் குறியிட்டது மற்றொன்று. முன்னது பின்வருவோர் உரிமை. பின்னது இன்று பயில்வோர்க்கு உதவி. ஒன்றன் பொருட்டு மற்றொன்றை இழத்தல் தகாது.