காத்தைக் கொறைச்ச கதை

அப்பா ரிட்டயர் ஆனப்போ, அக்ரிலிக்ல ஒரு பேர்ப்பலகை பண்ணிக் கொடுக்கலாம்னு லேசர் கட்டிங் கடைக்குப் போனேன். முதல் பலகையோட ஓரம் பனி படர்ந்த மாதிரி வெளுத்து வந்துச்சு. கடை அண்ணன் எதையோ திருகிட்டு இன்னொண்ணு வெட்டினார். ஓரம் கண்ணாடி மாதிரி மின்னுச்சு! "என்னண்ணே பண்ணீங்க?"ன்னு கேட்டா, "காத்தைக் கொறைச்சேன் தம்பி, அவ்ளோதான்"னார். பொட்டி தட்டுறவனுக்கு இது போதாதா, நோண்ட ஆரம்பிச்சுட்டேன் :-)

கதை 1964ல் தொடங்குது. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர். (எங்க கல்லூரியில லேசர் பாடம் நடத்தினப்ப இதை யாரும் சொன்னதா ஞாபகமில்லை.) ஆரம்பத்தில் மில்லிவாட் கணக்கில்தான் சக்தி. நைட்ரஜன், ஹீலியம் எல்லாம் கலந்த பிறகுதான் வாட் கணக்குக்கு எகிறியது.

இதன் அலைநீளம் 10.6 மைக்ரான். நம்ம கண்ணுக்கு அக்ரிலிக் தெளிவா இருந்தாலும் இந்த ஒளிக்கு அது சுவர் மாதிரி. அப்படியே உறிஞ்சி, உருகி, ஆவியாகிடும். லேசர் கற்றை ஒழுங்கா இருக்கான்னு பார்க்கவே ஆய்வகங்களில் அக்ரிலிக் கட்டியைத்தான் நீட்டுவாங்க. விழுற குழியோட வடிவம்தான் கற்றையோட வடிவம்.

உலோகம் அவ்வளவு லேசுல மசியலை. 1967 மே மாதம் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட், கற்றையோடு ஆக்சிஜனையும் பீய்ச்சி 1 மி.மீ. எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். லேசர் வெட்டு ஒரு தொழிலாக வளர்ந்ததில் அந்த வாயுக் குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு.

அக்ரிலிக்கில் விஷயம் தலைகீழ். ஓரத்தில் உருகின மெல்லிய படலம் தானாகவே சமமாகி இறுகினால்தான் மினுமினுப்பு. காத்தை வேகமா அடிச்சா படலம் கலைஞ்சு, சட்டுன்னு குளிர்ந்து வெளுத்திடும். அதுக்காகச் சுத்தமா நிறுத்தவும் முடியாது, கிளம்புற ஆவி தீப்பிடிக்கும்.

இன்னொரு வில்லங்கம், உருகி இறுகின ஓரத்துக்குள்ள ஒரு இழுப்பு தங்கிடும். நான் மேதாவித்தனமா மின்னுற பலகையை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் மயிரிழை விரிசல்! 80 டிகிரி பக்கம் அவனில் சில மணி நேரம் வச்சு மெல்ல ஆறவிட்டிருந்தா தப்பிச்சிருக்கும்.

நல்லவேளை, முதல் பலகையைத் தூக்கிப் போடலை. அப்பா வெளுத்த ஓரத்தைத் தடவிப் பார்த்துட்டு, "இது டிசைனாடா?"ன்னு கேட்டார்.

ஆமாம்ப்பான்னுட்டேன்.