ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலையும் ஒற்றைக் குளிசையின் தோல்வியும்

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே சென்று களனி கங்கையைக் கடந்தால் வத்தளை. அங்கிருந்து கடற்கரைப் பக்கமாகத் திரும்பினால் ஹெந்தளை. அவ்வூரின் பெயரைக் கேட்டதும் பழைய கொழும்புவாசிகள் பலருக்கு நினைவில் எழுவது அங்குள்ள தொழுநோய் வைத்தியசாலையே.

ஒல்லாந்தர் 1705 இல் கட்டத் தொடங்கி 1708 இல் முடித்த வைத்தியசாலை இது. நகரிலிருந்து விலகி, ஆற்றுக்கு அப்பால், கடலோரத்தில் இடம் தெரிவு செய்யப்பட்டதிலேயே அதன் நோக்கம் தெரிந்துவிடும். நோயாளரைக் குணப்படுத்துவதைவிட, அவர்களிடமிருந்து ஊரைக் காப்பதே அன்று முதன்மையாக இருந்தது. ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்த பின்னரும் அந்நோக்கம் மாறவில்லை.

1873 இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். பரம்பரை நோய் என்று பலரும் நம்பியது தொற்றுநோயாயிற்று. 1889 இல், ஹவாயின் மொலோக்காய் தீவில் தொழுநோயாளருக்குத் தொண்டாற்றிய பாதிரியார் டேமியன் அந்நோயினாலேயே மரித்தார். பராமரிப்பவருக்கும் ஆபத்து என்ற செய்தி உலகை அச்சுறுத்தியது. இலங்கையில் 1901 இல் வந்த தொழுநோயாளர் சட்டம், நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வழி செய்தது. குற்றம் எதுவும் செய்யாத நூற்றுக்கணக்கானோர் குடும்பத்தையும் ஊரையும் பிரிந்து ஹெந்தளையில் வாழ்ந்தனர். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலும் இதே நிலைதான்.

அந்த அச்சம் உண்மையின் அளவை மீறியது என்பது பின்னரே தெளிவாயிற்று. மனிதருள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. தொழுநோய் விடுதிகளில் பல்லாண்டு பணிபுரிந்த தாதியருள்ளும் வைத்தியருள்ளும் நோய் கண்டவர்கள் மிகச் சிலரே.

மருந்தின் வரலாறு இதைவிட முக்கியமானது. நீண்ட காலம் நீரடிமுத்து வகை எண்ணெய்களைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. 1941 இல் அமெரிக்காவின் கார்வில் வைத்தியசாலையில் புரோமின் என்ற சல்போன் மருந்து முதன்முதலாகப் பயன்பட்டது. அதன் மூல மருந்தான டாப்சோனை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளுள், தமிழகத்தின் செங்கற்பட்டில் பணியாற்றிய வைத்தியர் ரொபர்ட் கொக்ரேன் ஒருவர். விலை குறைந்த சிறு குளிசை அது. இலங்கையில் 1954 இல் தொழுநோய் ஒழிப்பு இயக்கம் தொடங்கிய காலத்தில், உலகெங்கும் டாப்சோனே பெருநம்பிக்கையாக இருந்தது.

அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. 1964 இல், மலாயாவின் சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு நோயாளரிடமிருந்து எடுத்த கிருமிகளை எலிகளின் பாதங்களில் வளர்த்து, அவை டாப்சோனுக்கு அடங்கவில்லை என்பதை பெற்றிற், றீஸ் என்னும் ஆய்வாளர்கள் நிறுவினர். ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தை, அதிலும் பலர் குறைந்த அளவிலும் விட்டுவிட்டும் உட்கொண்டதால், மருந்துக்குத் தப்பிய கிருமிகள் மட்டும் பெருகின. 1970களில், டாப்சோனை ஒருபோதும் தொடாத புதிய நோயாளரிடமும் அத்தகைய கிருமிகள் காணப்பட்டன. ஒருவருடைய உடலில் தோன்றிய எதிர்ப்பு இன்னொருவருக்குத் தொற்றியிருந்தது.

இதற்கு விடையாக உலக சுகாதார நிறுவனம் 1982 இல் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. ரிபாம்பிசின், குளோபாசிமின், டாப்சோன் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றொன்றுக்கு இரையாகும். இலங்கை 1983 இல் இதனை மேற்கொண்டது. 1995 இல், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை நாடு எட்டியது. ஆயினும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டு வருவதையும் மறந்துவிடலாகாது.

இந்தப் பழங்கதை இன்று எதற்கு என வாசகர் கேட்கலாம். டாப்சோன் தாக்கும் அதே உயிர்வேதி வழியைத்தான் சல்பா மருந்துகளும் தாக்குகின்றன. சிறுநீர்த் தொற்றுக்குப் பல்லாண்டுகளாக வழங்கப்பட்ட கோட்ரைமொக்சசோல் குளிசையில் உள்ளது அத்தகைய ஒரு சல்பா மருந்தே. சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை கிருமி இன்று பல நாடுகளில் அதற்கு அடங்குவதில்லை. அதன் பின் வந்த சிப்ரோபுளொக்சசின் போன்றவற்றுக்கும் அதே கதி நேர்ந்து வருகிறது.

வேறுபாடு ஒன்றுண்டு. தொழுநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுக்கும். ஈ.கோலை, வாய்ப்பான சூழலில், இருபது நிமிடங்களில் பிரியும். டாப்சோனின் தோல்வியை உணர்ந்து மாற்றுவழி தேட உலகுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிடைத்தன. ஈ.கோலை அவ்வளவு அவகாசம் தராது.

பாமசியில் தாமாகவே கேட்டு வாங்குவது, வீட்டில் எஞ்சிய குளிசைகளை அயலவருக்குக் கொடுப்பது, எரிவு தணிந்ததும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்துவது ஆகியவை நம்மிடையே சாதாரணம். அவற்றின் விளைவு நம்மோடு நிற்பதில்லை. ஹெந்தளையில் அடைபட்டிருந்தவர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மருந்தே இருக்கவில்லை. நம் கையில் மருந்து இருக்கிறது. நம் பிள்ளைகளின் கையிலும் அது பயன் தரும் மருந்தாகவே இருக்குமா என்பதை நாம் குளிசை விழுங்கும் முறையே தீர்மானிக்கும்.