மரவேலிக்குள் ஒரு சந்தை: மிஷிலிமாக்கினாக் கோட்டையின் கதை

கோட்டை என்றதும் நம் மனக்கண்ணில் எழுபவை செஞ்சியும் வேலூரும்தான். அகழி, கருங்கல் மதில், கொத்தளம். பழைய இலக்கியங்களில் பழகியவர்களுக்குக் காவற்காடும் கூடவே நினைவுக்கு வரும். பகைவனை வெளியே நிறுத்துவதே கோட்டையின் வேலை என்பது நமக்குள் ஊறிப்போன எண்ணம். அந்த எண்ணத்தோடு, வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய மிஷிலிமாக்கினாக் கோட்டையின் வரலாற்றுக்குள் புகுந்தால் சற்றே தடுமாறிப் போவோம். மரக்கம்பங்களை நெருக்கமாக நட்டு அமைத்த வேலிதான் அதன் மதில். சுற்றிலும் வாழ்ந்த மக்கள் பகைத்துக்கொண்டால், உள்ளிருந்த சிறு படையால் ஒருநாளும் தாக்குப்பிடிக்க முடியாது. ஆயினும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் அது 46 ஆண்டுகள் நின்றது. பின்னர் ஆங்கிலேயர் கைக்குப் போய், இரண்டே ஆண்டுகளில் ஒரு பகற்பொழுதில் வீழ்ந்தது. இந்த வேறுபாடு ஏன் நேர்ந்தது என்பதுதான் நம் கேள்வி.

மிச்சிகன், ஹூரான் என்னும் இரு பேரேரிகளை இணைக்கும் குறுகிய நீரிணையின் கரையில் இருக்கிறது அந்த இடம். இன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மாக்கினா சிட்டி என்னும் ஊர் அங்கே உள்ளது. சாலைகள் இல்லாத காலத்தில் நீர்வழிகள் கூடும் இடமே நாற்சந்தி. ஒடாவா, ஒஜிப்வே மக்கள் ஐரோப்பியர் வருமுன்பே அங்கு மீன் பிடித்தும் பண்டம் மாற்றியும் வந்தார்கள். 1671ல் பாதிரியார் மார்க்கெத் வடகரையில் ஒரு மறைத்தளம் அமைத்தார். வணிகர்களும் சிப்பாய்களும் பின்தொடர்ந்தனர்.

அவர்களை இழுத்து வந்தது பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோல். அதன் உள்மயிரிலிருந்து செய்த தொப்பிகள் ஐரோப்பியக் கனவான்களின் தலைகளை அலங்கரித்தன. தோல்கள் அளவுக்கு மீறிக் குவிந்து சந்தை சரிந்தபோது, 1696ல் பதினான்காம் லூயி மேற்குப்புற வணிக உரிமங்களை நிறுத்தினான். நீரிணையில் இருந்த படை விலகியது. அதன் தளபதியாக இருந்த காதியாக், 1701ல் தெற்கே தெத்ருவா என்னும் குடியேற்றத்தை நிறுவினார். இன்றைய டெட்ராய்ட் நகரம் அதுவே. எனினும் வணிகம் அரசாணைக்குக் கட்டுப்படவில்லை. மேற்கே ஃபாக்ஸ் மக்களுடன் போரும் மூண்டது. 1715ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து, இம்முறை தென்கரையில் கோட்டையைக் கட்டினார்கள்.

மான்ட்ரியாலிலிருந்து பிர்ச் மரப்பட்டையால் செய்த பெரும் ஓடங்கள் கோடையில் வந்து சேரும். அவற்றுள் பெரியவை 36 அடி நீளமானவை. செப்புக் கலங்கள், கத்திகள், துப்பாக்கிகள், கம்பளிகள், கண்ணாடி மணிகள் இறங்கும், தோல்கட்டுகள் ஏறும். கோடை முழுதும் அது திருவிழாக் கூட்டம். குளிர்காலத்தில் பனி சூழ்ந்த சிற்றூர். கோட்டைக்காரர்களின் பசியைத் தீர்த்தவை நீரிணையின் மீன்களும் ஒடாவா மக்கள் விளைவித்த மக்காச்சோளமும். சோறிடுபவனைப் பகைத்துக்கொண்டு எந்த மதிலுக்குள்ளும் வாழ முடியாது.

பிரெஞ்சு ஆளுநரை அம்மக்கள் 'ஒனோந்தியோ' என்றும் தந்தை என்றும் அழைத்தார்கள். தந்தை என்றால் கட்டளையிடுபவர் என்று பாரிஸ் புரிந்துகொண்டது. கொடுப்பவர் என்று ஏரிக்கரை மக்கள் புரிந்துகொண்டார்கள். ஆண்டுதோறும் வெடிமருந்தும் துணியும் பரிசாக வரவேண்டும். வந்தால்தான் உறவு நீடிக்கும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. சால்வைக்கும் வெகுமதிக்கும் மரியாதை வேட்டுக்கும் அங்கே எத்தனை அரசியல் பொருள் இருந்தது என்பதை நாம் அறிவோம். இவ்வாறு இரு தரப்பும் ஒன்றையொன்று பாதி புரிந்தும் பாதி தவறாகப் புரிந்தும் சேர்ந்து வாழ்ந்த வெளியைத்தான் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் வைட், 1991ல் வெளிவந்த தம் நூலில் 'நடுநிலம்' என்னும் பொருள்பட விளக்கினார். அந்த நிலத்தின் மகன் சார்ல் லாங்லாத். 1729ல் அங்கேயே பிறந்தவர். தந்தை பிரெஞ்சு வணிகர், தாய் ஒடாவாப் பெண்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பிரெஞ்சுக்காரர்களை நல்லவர்களாக்கிவிடும் ஆசை நமக்கு எழலாம். அதற்கு இடங்கொடுக்கலாகாது. போர்களில் பிடிபட்ட பழங்குடியினர் அடிமைகளாகக் கைமாறினர். 'பானி' என்று அழைக்கப்பட்ட அவர்களை வாங்கியவரின் உடைமை என 1709லேயே புதிய பிரான்சின் அதிகாரி ரோதோ ஆணை பிறப்பித்தார். கோட்டைக்குள்ளிருந்த வீடுகளிலும் அவர்கள் உழைத்தார்கள்.

ஏழாண்டுப் போர் உலகெங்கும் பிரெஞ்சுப் பேரரசை உலுக்கியது. 1760 செப்டம்பரில் மான்ட்ரியால் சரணடைந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், லாங்லாத் மிஷிலிமாக்கினாக்கை ஆங்கிலப் படையிடம் ஒப்படைத்தார். 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது, பேரேரிகளை ஆங்கிலேயருக்குக் கொடுத்தது. ஏரிக்கரை மக்களை யாரும் கேட்கவில்லை.

அவர்களோ முன்பே சொல்லியிருந்தார்கள். 1761ல் அங்கு வந்த ஆங்கில வணிகர் அலெக்சாண்டர் ஹென்றியிடம், ஒஜிப்வே தலைவர் மினவவானா பேசியதை ஹென்றி தம் நினைவுக்குறிப்பில் பதிவுசெய்துள்ளார். நீங்கள் பிரெஞ்சுக்காரரை வென்றிருக்கலாம், எங்களை வெல்லவில்லை. இந்த ஏரிகளும் காடுகளும் எங்கள் முன்னோர் எங்களுக்கு விட்டுச்சென்றவை. உங்கள் அரசன் எங்களுடன் உடன்படிக்கையும் செய்யவில்லை, பரிசும் அனுப்பவில்லை என்பதே அப்பேச்சின் சாரம். ஆனால் தலைமைத் தளபதி ஆம்ஹெர்ஸ்டுக்குப் பரிசுகள் வீண்செலவாகவும் கையூட்டாகவும் தோன்றின. வெடிமருந்தையும் சேர்த்துக் குறைத்தார். தெற்கே ஒடாவாத் தலைவர் பான்டியாக் 1763 மே மாதத்தில் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்டார்.

அவ்வாண்டு ஜூன் 2ஆம் நாள், மிஷிலிமாக்கினாக் கோட்டை வாசலுக்கு வெளியே ஒஜிப்வே மக்களும் விருந்தினராக வந்திருந்த சாக் மக்களும் பந்தாடினார்கள்; பின்னாளில் லக்ராஸ் எனப் பெயர்பெற்ற ஆட்டம். தளபதி எதரிங்டனும் வீரர்களும் வேடிக்கை பார்த்து நின்றனர். பந்து வாசற்பக்கம் விழுந்தது. துரத்தி ஓடிவந்தவர்கள், தங்கள் பெண்கள் போர்வைக்குள் மறைத்து வைத்திருந்த ஆயுதங்களை வாங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். ஆங்கிலப் படையில் பெரும்பாலோர் மாண்டனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர். பிரெஞ்சுக் குடும்பங்களை யாரும் தொடவில்லை.

வீட்டில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஹென்றி, வேலி தாண்டி லாங்லாத் வீட்டுக்குள் ஓடி அடைக்கலம் கேட்டார். லாங்லாத் தோளைக் குலுக்கிவிட்டுச் சன்னலை நோக்கித் திரும்பிக்கொண்டார். அந்த வீட்டின் அடிமைப்பெண், ஒரு 'பானி', ஹென்றியைச் சைகையால் அழைத்துப் பரணுக்கு ஏற்றிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். தேடி வந்தவர்கள் அந்தப் பரணிலும் புகுந்து பார்த்தார்கள். மரப்பட்டைக் கலங்களின் குவியலுக்குள் பதுங்கியிருந்த அவர் கண்ணில் படவில்லை. பின்னர் அவர் சிறைப்பட்டது உண்மைதான். முன்பே அவரைச் சகோதரனாக ஏற்றிருந்த வாவாடம் என்னும் ஒஜிப்வே நண்பர் பரிசுகள் கொடுத்து மீட்டார். உயிரைக் காத்ததும் பரிசுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1764ல் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர், பாடம் கற்றவர்களாக. பரிசு வழங்கும் வழக்கமும் திரும்பியது. அமெரிக்கப் புரட்சிப் போரின்போது, 1779 முதல் 1781க்குள் தளபதி சின்கிளேர் குடியிருப்பை அருகிலிருந்த மாக்கினாக் தீவுக்கு மாற்றினார். தேவாலயத்தைக்கூடப் பிரித்து உறைந்த பனியின்மேல் இழுத்துச் சென்றார்கள். கைவிடப்பட்ட பழைய மண்ணில் 1959 முதல் அகழாய்வு நடந்து வருகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்துள்ளன. வேலியும் வீடுகளும் மறுபடி எழுப்பப்பட்டுள்ளன.

ஹென்றியின் நினைவுக்குறிப்பு 1809ல் நூலாக வந்தது. தளபதிகள், தலைவர்கள், வணிகர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்கின்றன. பூட்டிய அறையின் சாவியோடு படியிறங்கிப் போன அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. எவருக்கும் எந்தக் கடனும் பட்டிராத ஒருத்தி, தன் எசமானன் மறுத்த அடைக்கலத்தைத் தந்தாள். மிஷிலிமாக்கினாக்கின் கதையை நாம் சொல்லும்போதாவது, மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் முன்பாக அவளை நினைவுகூர்வது முறை.