ஹபஷாவின் இரண்டு ஓய்வுநாட்கள்

ஹபஷா எண்டதும் நம்மட ஆக்களுக்கு முதல் ஹிஜ்ரத்தும் நஜ்ஜாஷி மன்னரும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே மண்ணில் பிற்காலத்தில் கிறிஸ்தவர்களுக்குள் மூண்ட ஒரு பிணக்கையே இங்கு எழுதுகிறேன்.

கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தைன் ஞாயிறை ஓய்வுநாளாக்கினார். ஹபஷாவுக்கு ஆயரை அனுப்பிவந்த எகிப்தியத் திருச்சபை, சனியைப் பேணுவது யூத வழக்கம் எண்டு கண்டித்தது. 14ஆம் நூற்றாண்டில் எவொஸ்தாத்தேவொஸ் என்ற துறவி, தவ்றாத்தின் கட்டளையைக் கைவிட ஏலாது, சனியும் வேணும் எண்டு நின்றார். நாட்டை விட்டுப் போய், 1352இல் ஆர்மீனியாவில் காலமானார். அவருடைய சீடர்கள் ஒதுக்கப்பட்டும் மசியவில்லை. 1404இல் தாவீத் மன்னர் அவர்கள் சனியைப் பேண அனுமதித்தார்.

1450இல் அவருடைய மகன் ஸர்அ யாக்கோப் மன்னர் தெப்ரெ மித்மாக்கில் சபை கூட்டி, சனி, ஞாயிறு இரண்டையுமே ஓய்வுநாளாக்கினார். எகிப்திய ஆயர்கள் இணங்கினார்கள். பதிலுக்கு, சீடர்கள் அவர்களிடம் குருப்பட்டம் பெற ஒப்புக்கொண்டார்கள்.

மன்னருக்கு நாள் மட்டுமா பிரச்சினை? திருச்சபை இரண்டுபட்டால் நாட்டை ஒண்டாக வைத்திருக்க ஏலாது எண்ட கணக்கும் அதில் இருந்தது எண்டே எனக்குப் படுகிறது. எதியோப்பியத் திருச்சபை இன்றும் இரண்டு நாட்களையும் கண்ணியப்படுத்துகிறது.