விறகும் புகையும் - அடுப்படியின் சரித்திரம்

நம் அங்கத்தினர்களில் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் அநேகமாக எல்லோருமே விறகு அடுப்பில் வெந்த சாதத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். தில்லி, மும்பை, கல்கத்தா என்று குடியேறிய பிறகு கரி அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், காஸ் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தோம். இப்போது சில குடும்பங்கள் பண்ணை வீட்டிலும் கொல்லைப்புறத்திலும் மறுபடி விறகு அடுப்பு வைக்க ஆசைப்படுவதைப் பார்க்கிறேன். அந்த அடுப்பின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டு வைப்பது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் முன்னோர்களின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். பெரிய அடுப்பை ஒட்டி ஒரு கொடியடுப்பு இருக்கும். அதற்குத் தனியாக விறகு கிடையாது. பெரிய அடுப்பில் வெண்கலப் பானையில் சாதம் கொதிக்கும்போது மிஞ்சிப் போகும் அனல், உள்வழியாகக் கொடியடுப்புக்குப் போகும். ஈயச் சொம்பில் ரசம் அங்கே மெதுவாகத் தயாராகும். ஈயச் சொம்பு என்று நாம் சொல்வது உண்மையில் வெள்ளீயம். அது 232 டிகிரி செல்ஷியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் சொம்பு பிழைத்தது. பௌதிகப் புத்தகம் படிக்காத பாட்டிகளுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சேர்கிறது. மீதி காற்றோடு போகிறது. புகை முழுவதும் சமைப்பவரின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போனது. என் தாயார் ஊதுகுழலை வைத்துக்கொண்டு, மடிப்புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி ஐம்பது வருஷம் சமைத்தார். கடைசிக் காலத்தில் அவரை விடாத இருமலுக்கு வீட்டில் யாரும் அடுப்பைக் காரணமாக நினைக்கவில்லை. வயசாகிவிட்டது என்றுதான் சொன்னோம்.

இதைப் பற்றி யோசித்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். காந்திஜியின் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மையமாக இருந்தது வார்தா. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா அதன் செயலாளராக இருந்தார். புகைபோக்கியுடன் கூடிய மகன் அடுப்பு, 1940களில் இந்த வார்தா முயற்சியிலிருந்து வந்தது. மகன்லால் காந்தியின் நினைவாக வைத்த பெயர் அது. அடுத்து ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, மண்ணாலேயே கட்டக்கூடிய புகையில்லா அடுப்பு ஒன்றை வடிவமைத்து, 1953-ல் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். 1980-ல் சண்டிகர் அருகே நாடா என்ற கிராமத்தில் மது சரீன் என்ற பெண்மணி வேறு வழியில் போனார். சமைக்கும் பெண்களையே கேட்டு, அவர்கள் கையாலேயே அடுப்பைக் கட்ட வைத்தார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ல் அமுல்ய ரெட்டி தொடங்கிய அஸ்திரா குழு, மூன்று பாத்திரம் வைக்கும் அஸ்திரா ஒலெயைத் தந்தது. நம் கொடியடுப்பின் தத்துவம்தான், கணக்குப் போட்டுச் செய்தது.

1983-ல் மத்திய அரசு தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-ல் அது முடிவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டன. அந்த நாட்களில் நான் மத்திய இந்தியாவில் ஒரு மாவட்டத்தில் பணியில் இருந்தேன். ஆய்வுக்குப் போன கிராமங்களில் பாதி வீடுகளில் புகைபோக்கி அடைத்துக் கிடந்தது. ஒரு வீட்டில் அடுப்பின் மேல் தானியக் குதிர் வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மாள் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "அடுப்பு வாய் சின்னது, எங்கள் விறகு பெரிது, பிளந்து தர யார் இருக்கிறார்கள்?" திட்டம் போட்ட அறையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. எண்ணிக்கை எழுதப்பட்டது, எரிகிறதா என்று பார்க்கவில்லை.

அதே 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மூச்சுக்காற்றை அளந்தார். பெருநகரத் தெருக்களில் ஆபத்து என்று கருதப்பட்ட அளவைவிடப் பன்மடங்கு புகைத்துகள் அதில் இருந்தது. அடுப்புப் புகை ஒரு நோய்க்காரணம் என்று உலகம் ஒப்புக்கொள்ள இத்தகைய அளவீடுகள் வழிசெய்தன.

காஸ் வந்த கதை நமக்குத் தெரியும். 1955-ல் பம்பாயில் பர்மா ஷெல், 1965-ல் கல்கத்தாவில் இண்டேன். 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் கொடுக்கப்பட்டன. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சுத்தமான எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் 58.6 சதவீதம்தான். மற்ற வீடுகளில் புகை இன்னும் இருந்தது.

இனி, ஆசையாக விறகு அடுப்பு வைப்பவர்களுக்கு ரசாயனம் படித்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

விறகில் ஜாதியைவிட ஈரமே முக்கியம். ஒரு கிலோ நன்கு காய்ந்த விறகு சுமார் 3,500 கிலோ கலோரி தரும். புதிதாக வெட்டிய விறகில் எடையில் பாதி தண்ணீர். அது தருவது ஏறத்தாழ பாதிதான். மீதி நேரம் தண்ணீரை ஆவியாக்குவதிலும் புகைவதிலும் போகிறது. நுனியில் வெடிப்பு விட்டு, இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று ஒலித்தால் காய்ந்தது. சவுக்கு, கருவேலம், புளி ஆகியவை கனமானவை, நின்று எரியும். முருங்கை, இலவம் சீக்கிரம் அடங்கிவிடும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்குப் பைன் மரச் சிராய் பற்றவைக்க மட்டுமே. பிசின் இருப்பதால் கரி பிடிக்கும். அரளிக் கட்டையின் புகை விஷம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தில் ஊறிய பழைய ரயில் கட்டை இவற்றை அடுப்பில் வைக்கவே கூடாது.

விறகைத் தரையில் குவிக்காமல் கல் வைத்து உயர்த்தி அடுக்குங்கள். ஈரமும் ஏறாது, தேளும் தங்காது. பெருவிரல் கனத்துக்குப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எரியுங்கள். புகைபோக்கி கூரைக்கு மேலே போக வேண்டும். மாதம் ஒரு முறை கரியைத் தட்டுங்கள். எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். நைலான் புடவையோடு அருகில் போகாதீர்கள். சாம்பலுக்குள் மறுநாள் வரை கங்கு இருக்கும். தகர டப்பாவில்தான் கொட்ட வேண்டும்.

வடக்கே இருக்கும் அன்பர்களுக்கு ஒன்று தனியாக. குளிருக்காகக் கரி அங்கீட்டியை மூடிய அறையில் வைத்துத் தூங்குவதால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உயிர்கள் போகின்றன. கங்கில் புகை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைக்கிறார்கள். அதில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தூங்கும் அறையில் அங்கீட்டி வேண்டவே வேண்டாம்.

உங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாள் தன் வீட்டில் எதில் சமைக்கிறார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சிலிண்டர் இணைப்பு இருந்தும் நிரப்பப் பணமில்லாமல் விறகுக்குத் திரும்பியவராக இருக்கலாம். ஒரு சிலிண்டருக்கு உதவ முடிந்தால் நம் தாய்மார்களின் இருமலுக்கு அது ஒரு சிறு பதில்.